மொந்த்ரோவுக்கு ஒரு நாள்

யூலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொந்த்ரோ யாஸ் இசைவிழாவுக்குப் போவோம் என்றதும், மன்றக் கூட்டத்தில் இருந்த ஐயா ஒருவர் கேட்டார்: "அது வெள்ளைக்காரரின் பாட்டு. எங்களுக்கு அங்கே என்ன வேலை?"

நியாயமான கேள்விதான். ஜெனீவா வாவிக் கரையில் 1967இல் தொடங்கிய விழா அது. ஆனால் 1976இல் அங்கே 'சக்தி' குழுவும் வாசித்தது. கிற்றார் யோன் மக்லோக்லின், தபேலா சாகீர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், வயலின் எல். சங்கர். சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்தின் பின் அந்தக் குடும்பம் இலங்கையை விட்டு வெளியேறியது. எங்களைப் போல் ஊர்விட்டுப் போன ஒருவரின் வயலின், எங்களில் பலர் இங்கு வருமுன்பே அந்தக் கரையில் ஒலித்துவிட்டது.

ஐயா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "கோச்சி எத்தனை மணிக்கு?" என்றார்.

பேர்ணிலிருந்து லவுசானுக்குப் போய், அங்கே மாறி ஏற வேண்டும். லவுசானை நெருங்கும்போது சுரங்கம் தாண்டியதும் வாவியும் திராட்சைத் தோட்டங்களும் தெரியும். பிள்ளைகளை யன்னலோரம் இருத்துங்கள். பெரியவர்கள் அரைக்கட்டண அட்டையை மறக்க வேண்டாம். யூனியர் அட்டை உள்ள, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ரிக்கற் எடுத்த பெற்றோருடன் இலவசமாக வரலாம். மண்டப நிகழ்ச்சிகளுக்குக் காசு வேண்டும். வாவிக்கரையில் இலவச நிகழ்ச்சிகள் பல உண்டு. எமக்கு அவையே போதும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவோம்.

"வயலின் ஏன் பழகவேண்டும்?" என்று வீட்டில் கேட்கும் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். யூன் முடிவதற்குள் மன்றத்தில் பெயர் தரவும்.