பல்ராம்பூர்: பட்டியலிலிருந்து நீங்கிய ஒரு பெயர்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரானபோது, தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் முன் விநோதமான சிக்கல் ஒன்று வந்து நின்றது. வட மாநிலங்களின் கிராமங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்திருந்தனர். ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்றே பட்டியலில் பதிவாகியிருந்தனர். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று முடிவாயிற்று. ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மத்திய இந்தியப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். பெயர் இல்லையேல் வாக்கு இல்லை என்பது குடியரசு அவர்களுக்குக் கற்பித்த முதல் பாடம்.

அப்படி நீக்கப்பட்ட ஒருத்தியைக் கற்பனையில் எடுத்துக்கொள்வோம். 1930-இல் பிறந்தவள். நேபாள மலைகளிலிருந்து இறங்கிவரும் ராப்தி ஆற்றின் கரையில், ஆண்டுதோறும் வெள்ளம் புகும் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள். 1957-இல், தன் 27-ஆம் வயதில், சொந்தப் பெயரோடு பட்டியலில் ஏறி முதன்முறையாக வாக்களிக்கச் செல்கிறாள். அவளுடைய தொகுதியின் பெயர் பல்ராம்பூர். பின்வரும் ஐம்பதாண்டு வரலாற்றை அவளுடைய விரலில் இடப்பட்ட மையின் வழியே படிக்க முடியும்.

பல்ராம்பூர் அன்று கோண்டா மாவட்டத்தின் ஒரு பகுதி. வடக்கே தராய்க் காடுகளும் தாரு மக்களின் ஊர்களும். தெற்கே நெல்லும் கரும்பும். துளசிப்பூரில் தேவிபாடன் கோவில். ஊருக்கு ஊர் கணிசமான முஸ்லிம் மக்கள். வீட்டிலும் வயலிலும் அவதி மொழி. அவத் பகுதியின் மிகப் பெரிய தாலுக்தார் ஜமீன்களில் ஒன்றின் தலைநகரம் அது. 1857 கிளர்ச்சியில் மகாராஜா திக்விஜய் சிங் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். கைம்மாறாகக் கிடைத்த நிலங்களால் ஜமீன் மேலும் விரிந்தது. 1952-இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அந்த உடைமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அரண்மனையின் செல்வாக்கு மட்டும் உடனே கரையவில்லை.

1957-இல் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம். காங்கிரஸின் பெட்டியில் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. பாரதிய ஜனசங்கத்தின் பெட்டியில் அகல்விளக்கு. விளக்குச் சின்னத்தில் நின்றவர் குவாலியரில் பிறந்த 32 வயது இளைஞர் அடல் பிகாரி வாஜ்பாய். கட்சி அவரை ஒரே தேர்தலில் லக்னோ, மதுரா, பல்ராம்பூர் ஆகிய மூன்று இடங்களில் நிறுத்தியிருந்தது. லக்னோவில் தோற்றார். மதுராவில் வைப்புத்தொகையையே இழந்தார். அவருக்கு முன்பின் தொடர்பில்லாத பல்ராம்பூர்தான் காங்கிரஸின் ஹைதர் ஹுசேனைப் பின்தள்ளி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. வித்தியாசம் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆண்டு மக்களவையில் ஜனசங்கம் பெற்ற இடங்கள் மொத்தமே நான்கு. அவற்றுள் ஒன்று இந்த வெள்ளக்காட்டு ஊரின் கொடை.

அரசியல் வரலாறுகள் வழக்கமாக இந்த இடத்தில் பல்ராம்பூரை விட்டுவிட்டு வாஜ்பாயின் பின்னால் தில்லிக்குச் சென்றுவிடும். ஊரிலேயே தங்கிவிட்டால் அடுத்த பத்தாண்டு இன்னும் சுவையானது.

1962-இல் காங்கிரஸ், சுபத்ரா ஜோஷியை அனுப்பியது. சியால்கோட்டில் பிறந்தவர்; பிரிவினைக் காலத் தில்லியில் கலவரத்தின் நடுவே நின்று உயிர்களைக் காக்க உழைத்தவர்; அதற்கு முன் கர்னாலிலும் அம்பாலாவிலும் வென்றவர். ஜனசங்கத்தின் அரசியலுக்கு நேரெதிரான கொள்கையில் உறுதிகொண்ட ஒரு பெண்ணை அக்கட்சியின் இளம் நட்சத்திரத்துக்கு எதிராக நிறுத்தியது தற்செயலான தேர்வாக இருக்க முடியாது. ‘தோ பீகா ஜமீன்’ படத்தில் நிலமிழந்த உழவனாக நடித்த பல்ராஜ் சாஹ்னி அவருக்காகப் பரப்புரைக்கு வந்தார். நிலமும் ஜமீனும் இன்னும் ஆறாத புண்ணாக இருந்த ஊரில் அந்த முகத்துக்குத் தனிப் பொருள் இருந்திருக்கும். 2,052 வாக்குகளில் வாஜ்பாய் தோற்றார். மாநிலங்களவை வழியாகத்தான் அவரால் மீண்டும் நாடாளுமன்றத்துக்குள் செல்ல முடிந்தது.

1967-இல் அதே இருவரும் அதே மண்ணில் மீண்டும் மோதினர். இம்முறை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வாஜ்பாய் வென்றார். பத்தாண்டில் மூன்று தேர்தல். ஒருவரை ஏற்று, விலக்கி, மீண்டும் ஏற்ற ஒரே வாக்காளர் கூட்டம். எழுத்தறிவு மிகக் குறைவான அந்தக் கிராமங்கள் சின்னத்தைப் பார்த்துக் குருட்டுத்தனமாக வாக்களித்தன என்று சொல்வோருக்கு இந்த மூன்று முடிவுகளே விடை. தோற்றவர் தோற்ற இடத்துக்கே திரும்பிவந்து கேட்டார் என்பதும் இங்கே கருதத்தக்கது. மக்களாட்சியில் ஒரு தொகுதிக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை அதுதான்.

அந்த மரியாதை நீடிக்கவில்லை. 1971-இல் வாஜ்பாய் குவாலியருக்குச் சென்று வென்றார். பல்ராம்பூரில் காங்கிரஸின் சந்திர பால் மணி திவாரி வென்றார். நெருக்கடி நிலைக்குப் பின் வந்த 1977 தேர்தலில் வேறொரு வெளியூர்க்காரர் வந்து சேர்ந்தார். மராட்டிய மண்ணில் பிறந்த நானாஜி தேஷ்முக், ஜனதா கட்சிக்காக ஏர் உழவன் சின்னத்தில் நின்றார். எதிரே காங்கிரஸ் வேட்பாளராக நின்றவர் பல்ராம்பூர் அரண்மனையின் மகாராணி ராஜலட்சுமி குமாரி தேவி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் அரண்மனை தோற்றது. சட்டம் 1952-இல் நிலத்தில் செய்ததை, வாக்காளர் 1977-இல் செல்வாக்கில் செய்து முடித்தனர் எனலாம்.

மொரார்ஜி தேசாய் அமைச்சரவையில் தமக்குத் தரப்பட்ட இடத்தை நானாஜி ஏற்கவில்லை. அறுபது வயதைக் கடந்தோர் பதவியை விட்டு விலகவேண்டும் என்று அறிவித்து, கோண்டா வட்டாரத்தில் ஊரகப் பணியில் இறங்கினார். ஜெயப்பிரகாஷ் நாராயண், பிரபாவதி இருவரின் பெயர்களையும் இணைத்து ‘ஜெயப்பிரபா கிராமம்’ எழுந்தது. ஒவ்வொரு கைக்கும் வேலை, ஒவ்வொரு வயலுக்கும் நீர் என்பது அதன் முழக்கம். மூங்கிலைக் கொண்டு இறக்கிய ஆழ்குழாய்க் கிணறுகள் அப்பகுதியின் பாசனத்தை மாற்றின. ஆனால் தொகுதியைப் பொறுத்தவரை அவரும் ஒருமுறை வந்து சென்றவர்தாம். பின்னாளில் அவருடைய உழைப்பின் மையம் சித்திரகூடத்துக்கு நகர்ந்தது.

வாஜ்பாய்க்கு 2015-இலும் நானாஜிக்கு 2019-இலும் பாரத ரத்னா வழங்கப்பட்டது. இந்தியாவின் உயரிய விருதைப் பெற்ற இருவரை மக்களவைக்கு அனுப்பிய சிற்றூர்த் தொகுதி என்று பல்ராம்பூர் பெருமைகொண்டிருக்கலாம். அப்போது பெருமைகொள்ள அந்தத் தொகுதி இல்லை.

1980-இல் திவாரி மீண்டும் வந்தார். 1984-இல் காங்கிரஸின் மகந்த் தீப் நாராயண் வன். 1989-இல் சுயேச்சையாக முன்னன் கான். 1991, 1996 தேர்தல்களில் பாரதிய ஜனதாவின் சத்ய தேவ் சிங். 1998, 1999 தேர்தல்களில் சமாஜ்வாதி கட்சியின் ரிஸ்வான் ஜஹீர். 2004-இல் பாரதிய ஜனதாவின் பிரிஜ் பூஷண் சரண் சிங். 1957 முதல் 2004 வரை 13 பொதுத்தேர்தல்களில் 9 பேர். எவரும் மூன்றாம் முறை வெல்லவில்லை. எந்தக் கட்சிக்கும் இது கோட்டையாகவில்லை. துறவியையும் சுயேச்சையையும் கட்சிக்காரரையும் மாறி மாறி எடைபோட்டது. ராப்திக் கரை மூதாட்டியும் இதற்குள் பெட்டியிலிருந்து சீட்டுக்கும், சீட்டிலிருந்து மின்னணு இயந்திரத்தின் பொத்தானுக்கும் வந்துசேர்ந்திருப்பாள். 2004-இல் அவளுக்கு வயது 74.

அடுத்த தேர்தலில் அவள் பொத்தானை அழுத்தியபோது, அது பல்ராம்பூருக்கான வாக்கு அன்று.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையத்தின் முடிவுகள் 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. மாநிலங்களுக்கான இடங்களின் எண்ணிக்கை மாறவில்லை. உத்தரப் பிரதேசத்துக்கு அதே 80. மாநிலத்துக்குள் எல்லைகள் மட்டும் 2001 கணக்கெடுப்பின்படி திருத்தி வரையப்பட்டன. கோண்டாவிலிருந்து 1997-இல் பிரிந்த பல்ராம்பூர் மாவட்டத்தில் நான்கு சட்டமன்றத் தொகுதிகள். அவற்றுள் உத்ரௌலா கோண்டா மக்களவைத் தொகுதிக்குப் போயிற்று. பல்ராம்பூர், துளசிப்பூர், கைன்சாரி ஆகிய மூன்றும் அண்டை மாவட்டத்தின் பிங்கா, சிராவஸ்தி ஆகியவற்றோடு சேர்ந்து புதிய தொகுதி ஆயின. ஐந்தில் மூன்று பல்ராம்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. எனினும் தொகுதிக்கு வைக்கப்பட்ட பெயர் சிராவஸ்தி.

சிராவஸ்தி எளிய பெயர் அன்று. கோசல நாட்டின் பழைய தலைநகரம். புத்தர் தம் மழைக்காலங்களில் மிகுதியானவற்றைக் கழித்த ஜேதவனம் இருந்த இடம். ஜமீன் தலைநகரின் பெயரைக் காட்டிலும் அது இரண்டாயிரம் ஆண்டு மூத்தது. மக்கள்தொகைக்கேற்ப எல்லைகளைச் சீராக்குவதும் நியாயமே. ஒரு தொகுதியில் இருவரின் வாக்கு இன்னொரு தொகுதியில் ஒருவரின் வாக்குக்குச் சமமாக இருப்பதை எவரும் ஏற்கமாட்டார்கள். எனவே எல்லை மாறியதைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்த மாற்றத்தில் கணக்கில் வராமற்போனது எது என்பதைக் கேட்கலாம்.

கணக்கில் வராமற்போனது தீர்ப்புரிமை. 2004-இல் வென்றவர் 2009-இல் கைசர்கஞ்சுக்குச் சென்று, வேறு கட்சியின் சார்பில் நின்று வென்றார். அவருடைய ஐந்தாண்டைப் பற்றிப் பல்ராம்பூர் மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதைச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பே வரவில்லை. வாஜ்பாயை விலக்கவும் திரும்பக் கொண்டுவரவும் தெரிந்த ஒரு கூட்டத்திடமிருந்து, அதன் கடைசி உறுப்பினரை மதிப்பிடும் வாய்ப்பு ஒரு வரைபடத்தால் பறிபோயிற்று. பெரிய தலைவர்கள் தாமாகத் தொகுதி மாறியபோதும் இதுவே நேர்ந்தது. உறுப்பினர் போனாலும் தொகுதி போனாலும் விடை சொல்ல எதிரே எவரும் இல்லை.

இழப்பின் அளவைக் காட்ட ஓர் எண் போதும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் உத்தரப் பிரதேசத்தின் மிக வறிய மூன்று மாவட்டங்களாகச் சிராவஸ்தி, பஹ்ராயிச், பல்ராம்பூர் ஆகியவை அமைந்தன. பல்ராம்பூரில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேர் வறியவர். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு பாதியைத் தொடவில்லை. ஒரு பிரதமரை உருவாக்கிய மண், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் இருக்கிறது. யாரிடம் எதற்குக் கணக்குக் கேட்பது என்றால், பெயரே இல்லாத தொகுதியின் பெயரில் எந்தக் கணக்கும் திறக்காது.

பெயர் மாறினாலும் பழக்கம் மாறவில்லை என்பது ஓர் ஆறுதல். சிராவஸ்தி 2009-இல் காங்கிரஸையும், 2014-இல் பாரதிய ஜனதாவையும், 2019-இல் பகுஜன் சமாஜையும், 2024-இல் சமாஜ்வாதியையும் தேர்ந்தெடுத்தது. நான்கு தேர்தல், நான்கு கட்சி. பல்ராம்பூரின் பழைய எடைபோடும் கை இன்னும் தளரவில்லை.

2008-இன் அதே ஆணை தமிழ்நாட்டிலும் பல பெயர்களை நீக்கியது. ராசிபுரம், பெரியகுளம், பழனி, கோபிசெட்டிபாளையம் ஆகியவை மக்களவைப் பட்டியலிலிருந்து மறைந்தன. புதுக்கோட்டை மாவட்டம் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குள் பிரிந்து கிடக்கிறது. அடுத்த மறுவரையறையைப் பற்றிய பேச்சு, எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்ற கேள்வியையே சுற்றிவருகிறது. அது தலையாய கேள்விதான். ஆனால் எண்ணிக்கை முடிவானபின் யாரோ ஒருவர் கோடு போடுவார். சில பெயர்கள் மறையும். அப்பெயர்களோடு, யார் என்ன சொல்லி வாக்குக் கேட்டார் என்ற ஊர் நினைவும் அறுபடும். அந்தக் கோடுகள் வரைவு நிலையில் இருக்கும்போதே, பொது விசாரணை நடக்கும்போதே, தம் ஊரின் பெயரைக் கேட்டுப் பேசவேண்டியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள்தாம்.

1951-இல் ராப்திக் கரைப் பெண்ணிடம், பெயரைச் சொன்னால்தான் வாக்கு என்றார்கள். அவள் பெயரைச் சொன்னாள். அரை நூற்றாண்டு வாக்களித்தாள். 2009-இல், 79-ஆம் வயதில், அவளுடைய பெயர் பட்டியலில் பிழையின்றி இருந்திருக்கும். இம்முறை இல்லாமற்போனது அவளுடைய தொகுதியின் பெயர். அதை நீக்கியவர்கள் அவளிடம் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.