மாத்திரையும் மாவு டப்பாவும்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது "தொழிற்கல்வியும் நாட்டின் முன்னேற்றமும்" என்று தலைப்பு போட்டு உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. சென்ற வாரம் விடுதியில் முதலாமாண்டுத் தம்பி ஒருவன் என் அறைக்கு வந்தான். "அண்ணா, நைட்டு பூரா முழிச்சுப் படிக்க ஏதோ மாத்திரை இருக்காமே, உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க..." என்றான். அவனுக்கு அன்றைக்கு முழுசாகப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பா லாரி டிரைவர். ஐந்தாவது வரை படித்தவர். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. இரண்டு எருமை வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். "எம்பையன் இஞ்சினீருக்குப் படிக்கிறான்" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அது டிப்ளமோதான் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு முதலாமாண்டிலேயே இரண்டு அரியர். 2024 அக்டோபரில் போர்டு எக்ஸாமுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வெளியூரில் படிக்கும் ஓர் அண்ணன் மூலமாக அந்த மாத்திரை வந்தது. மெத்தில்பெனிடேட் என்று பெயர். 1944ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பானிசோன் என்ற வேதியியலர் முதலில் தயாரித்தது. கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு டாக்டர்கள் அளவு பார்த்து எழுதித் தருவது. அவர்களுக்கு அது மருந்து. அவர்கள் டாக்டர் சொன்னபடி சாப்பிடுவதில் எந்தத் தப்பும் இல்லை. எனக்கு அது திருட்டு வழி.

உண்மையை மறைக்கக் கூடாது. முதல் நாள் அற்புதமாக இருந்தது! விடிய விடியப் படித்தேன். பசியே இல்லை. அந்தத் தேர்வில் அரியர் இரண்டும் கிளியர். அதுதான் வினையாகப் போனது. தேர்வு முடிந்த பிறகும் ரெக்கார்டு எழுத ஒன்று, வரைபடம் போட ஒன்று என்று ஆரம்பித்து, 2025 ஜனவரியில் ஒன்று போடாமல் காலையில் எழுந்திருக்கவே முடியாத நிலைக்கு வந்துவிட்டேன். உடம்பில் ஏழு கிலோ குறைந்தது. "மெஸ் சாப்பாடு சரியில்லைம்மா" என்று வீட்டில் பொய் சொன்னேன்.

பிப்ரவரி மாதம் ஒருநாள். லேத்தில் வேலை. மூன்று நாள் தூக்கம் இல்லை, கை நடுங்குகிறது. சக்கிலிருந்து சாவியை எடுக்காமலே ஸ்விட்சைப் போட்டுவிட்டேன். சாவி பறந்து போய் எதிர்ச் சுவரில் மோதியது. பக்கத்து லேத்தில் நின்ற நண்பனின் காதுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி இருந்திருக்குமா? சார் ஓடி வந்து மெயினை ஆஃப் செய்தார். திட்டக்கூட இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று இரவு மிச்சம் இருந்த மாத்திரையைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

விட்டாயிற்று, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதன் பிறகுதான் கஷ்டமே ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் தூங்கினேன். எழுந்தால் சோறு சோறு என்று பசி. எதிலும் மனம் ஒட்டவில்லை. காரணம் இல்லாமல் அழுகை வந்தது. அப்போது ஜிம்முக்குப் போகும் நண்பன் ஒருவன், "உடம்புல சத்து எல்லாம் போயிருச்சுடா, சப்ளிமெண்ட் போட்டா ஒரே வாரத்துல ரெடியாயிருவ" என்றான். அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அம்மா அனுப்பிய பணத்தில் 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். வே புரோட்டீன் டப்பா ஒன்று, உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் பவுடர் ஒன்று, டைரோசின் கேப்சூல் ஒரு பாட்டில். ஏறத்தாழ பத்து நாள் பால் காசு.

பவுடரைக் குடித்த அன்றே பழைய சுறுசுறுப்பு திரும்பியது. ஆஹா, குணமாகிவிட்டோம் என்று துள்ளினேன். அடுத்த வாரம் ஒரு கரண்டி இரண்டு கரண்டி ஆனது. மறுபடி நெஞ்சு படபடப்பு, மறுபடி தூக்கம் இல்லை. பயந்துபோய் ஏப்ரல் மாதம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போனேன். போலீசில் சொல்லிவிடுவார்களோ என்று கை கால் உதறியது. அங்கிருந்த டாக்டர் அம்மா, "நீ நோயாளியா வந்திருக்க, குத்தவாளியா இல்ல. உட்காரு தம்பி" என்றார். வாங்கிய டப்பா எல்லாவற்றையும் அடுத்த முறை எடுத்து வரச் சொன்னார்.

மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக லேபிளைப் படிக்க வைத்தார். பவுடரில் ஒரு கரண்டிக்கு 250 மில்லிகிராம் கேஃபீன். ஒரு கப் காப்பியில் ஏறத்தாழ 80 முதல் 100தான் இருக்கும். நல்ல ஆரோக்கியம் உள்ள பெரியவர்களுக்கே நாளைக்கு 400க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். நான் குடித்ததோ 500! "ஒரு ஊக்க மருந்தை விட்டுட்டு இன்னொண்ணைக் கரைச்சுக் குடிச்சிருக்க. இதுக்குப் பேரு சத்து இல்ல" என்றார்.

டைரோசின் என்பது மூளையில் டோபமின் உண்டாவதற்கு வேண்டிய மூலப்பொருள். மாத்திரை அந்த டோபமினைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுத்துத் தடுத்து, மூளை அந்த அளவுக்கே பழகிவிட்டது. பழைய நிலைக்கு வர அதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். மூலப்பொருளை மூட்டை மூட்டையாக இறக்கினால் பழுதான மெஷின் ஓடுமா? அதுவும் பால், முட்டை, பருப்பு, வேர்க்கடலை எல்லாவற்றிலும் டைரோசின் இருக்கிறது. புரோட்டீன் டப்பாவைப் பற்றிச் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. வே என்பது பால் திரிந்தால் பிரியும் தண்ணீரிலிருந்து எடுப்பதாம். அம்மா பாலை விற்று அனுப்பிய காசில் நான் அதையே டப்பாவில் வாங்கியிருக்கிறேன்!

கடைசியாக டப்பாவின் ஓரத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்." மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல. 2016ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி சப்ளிமெண்ட் என்பது உணவு வகை, மருந்து அல்ல. அதை அவர்களே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை.

சப்ளிமெண்ட் எல்லாமே வீண் என்று அவர் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஆண்களுக்கு 13க்குக் குறையக் கூடாத ஹீமோகுளோபின் எனக்கு 10.6 இருந்தது. பூச்சி மாத்திரையும் மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரையும் இலவசமாகவே கொடுத்தார்கள். அதைச் சாப்பிடும் நேரத்தில் டீ குடிக்கக் கூடாது, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளலாம். "எது குறையுதுன்னு பார்த்து அதைக் கொடுத்தா அது சத்து. எது குறையுதுன்னே தெரியாம கொட்டினா காசுக்குத்தான் கேடு" என்றார். ஊக்க மருந்துப் பழக்கத்தை விடுவதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இதுவரை கிடையாதாம். நேரத்துக்குத் தூக்கம், மூன்று வேளை சாப்பாடு, வாரம் ஒருமுறை கவுன்சலிங். இவ்வளவுதான் வைத்தியம்.

ஏப்ரல் தேர்வில் மூன்று பேப்பர் போயிற்று. வீட்டில் சொல்லியே ஆக வேண்டும். அப்பா லோடு இறக்கிவிட்டு வந்த ஒரு ராத்திரி, திண்ணையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கண்ணு, நானும் இருவது வருசமா வண்டி ஓட்டறேன். தூக்கம் வந்துச்சுன்னா ஓரங்கட்டிப் படுத்துக்கோணும். லோடு லேட்டாப் போனா மொதலாளி நாலு வார்த்தை திட்டுவாரு, அவ்வளவுதான். தூக்கத்தை ஏமாத்தி ஓட்டினவன்ல எத்தனை பேரு ஊடு வந்து சேந்தான்?" என்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை சொசைட்டிக்குப் போகும் முன் ஒரு சொம்புப் பாலை எனக்கென்று எடுத்து வைத்தார். இன்றுவரை நான் ஊருக்குப் போனால் அந்தச் சொம்பு தனியாக இருக்கிறது.

அந்த மூன்று பேப்பரையும் 2025 அக்டோபரில் எழுதித் தேறினேன். இரவு பதினொன்றுக்கு விளக்கை அணைத்துவிட்டுத்தான் படித்தேன். இப்போதும் தேர்வு நெருங்கினால் பழைய ஆசை எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. அன்றைக்கு 14416க்குப் போன் செய்து பேசிவிடுவேன். மத்திய அரசு 2022இல் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம்.

தம்பி, நீ கேட்ட மாத்திரை எங்கே கிடைக்கும் என்று நான் சொல்லப் போவதில்லை. தினமும் இரவு எட்டு மணிக்கு உன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வா. எனக்குத் தெரிந்தவரை சொல்லித் தருகிறேன். தெரியாததைச் சாரிடம் சேர்ந்து போய்க் கேட்போம். பத்தரைக்கு இருவரும் படுத்துவிடலாம்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை