பதினோரு மணிப் பேப்பர்

எங்கள் வீட்டில் பேப்பர் என் கைக்கு வரப் பதினோரு மணியாகும். அதற்குள் ஆண்கள் அரசியல் பேசி முடித்திருப்பார்கள். எனக்குக் கே.பி. சுந்தராம்பாள் குரலென்றால் உயிர். "சாமிப் பாட்டுதானே, கேளு" என்பார் கணவர். அந்த அம்மா காங்கிரஸ் மேடைகளில் பாடியவர், சட்ட மேலவைக்குப் போனவர் என்றால், "அப்படியா" என்று சேனலை மாற்றுவார்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கேதான் வாசிக்க நேரம் கிடைக்கிறது. (ஒளித்து வைத்ததும்தான்.)

ஒவ்வொரு தேர்தலிலும் கணவர் ஒரு சின்னம் சொல்வார். "அதுக்குத்தான் போட்டேன்" என்பேன். இருபது வருடப் பொய். இந்தமுறை மகளுக்கு முதல் ஓட்டு. வெளியே வந்ததும், "நீ யாருக்கும்மா போட்ட?" என்றாள். அவள் அப்பா பக்கத்திலேயே நின்றார். சொல்லிவிட்டேன்.

வீடு வரும்வரை ஆட்டோவில் யாரும் பேசவில்லை. மகள் மட்டும் என் கையைப் பிடித்திருந்தாள்.