எங்கள் வீட்டுச் சனி

எங்கள் காரின் பெயரைச் சொன்னால் வகுப்பில் சிரிப்பார்கள். நிசான் சனி. "உங்கட வீட்டச் சனி இன்னும் போகல்லியா?" என்று கேட்காத தோழி இல்லை. 1988 இல் ஜப்பானில் செய்யப்பட்டது, என்னை விட 19 வயது மூத்தது. பெட்டி போன்ற உடம்பு, நீள்சதுர விளக்குகள், கார்புரேட்டர் எஞ்சின். 'ட்ராட் சனி' என்றால் கராஜ்காரர் எல்லோருக்கும் தெரியும். வாப்பா 2016 இல் சீட்டுக் காசு எடுத்து இதை வாங்கினார். வாப்பா மாவனல்லையில் தையல் கடை வைத்திருப்பவர். அவர் கார் வாங்கியதைக் கேட்டுச் சிலர் ஆச்சரியப்பட்டார்கள். காரைப் பார்த்த பிறகு அந்த ஆச்சரியம் போய்விட்டது.

முதல் சில வருடங்கள் கல்யாண வீட்டுக்கும் மையித்து வீட்டுக்கும் போய் வந்தது. மற்ற நாட்களில் பலா மரத்தடியில் நின்றது. 2021 இல் உம்மும்மாவின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டதாக டொக்டர் சொன்னார். வாரத்தில் 2 நாட்கள் கண்டிக்குப் போய், 4 மணித்தியாலம் படுத்து, இரத்தம் சுத்திகரித்து வர வேண்டும். காலை முதல் ஆளாக ஏற வேண்டும் என்றால் சுபஹுக்கு முன்னமே வீட்டிலிருந்து புறப்பட வேண்டும். அந்த நேரத்தில் நோயாளியைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. வேன் பிடித்தால் ஒரு மாத வாடகையில் வாப்பாவின் கடை வருமானம் முடிந்துவிடும். ஆகவே பலா மரத்தடியில் நின்ற சனிக்கு வேலை வந்தது.

எங்கள் ஊருக்கும் கண்டிக்கும் இடையில் கடுகண்ணாவை ஏற்றம் இருக்கிறது. புதுக் கார்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எங்கள் கார் முதல் நாளே அந்த ஏற்றத்தின் நடுவில் கொதித்து, பொனட்டுக்குக் கீழிருந்து ஆவி விட்டது. உம்மும்மா முன் சீற்றில் இருந்து ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தார். வாப்பா போத்தல் தண்ணீருடன் வெளியே நின்று, எஞ்சின் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் காத்திருந்தார். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

அன்று இரவு வாப்பா ஒரு சீ.ஆர். கொப்பியை என்னிடம் தந்தார். "மகள், இனி காருக்குப் போற காசெல்லாம் இதுல எழுதுங்க. ஒரே தரத்துல எல்லாம் செய்ய ஏலா. மாசத்துக்கு ஒண்டு செய்வோம்" என்றார். ஒரு பால்மா டின்னும் தந்தார். கடையில் மிஞ்சுகிற காசு அதற்குள் போகும். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் காலத்தில் டின் நிறையும், மற்ற மாதங்களில் சில்லறை மட்டும் கிலுகிலுக்கும். கணக்குப்பிள்ளை நான்.

முதல் வரி ரேடியேட்டர். கழற்றிக் கழுவியபோது உள்ளே துருச் சேறு. அதன் பின்னும் ஃபேன் சில நாள் பிந்தித்தான் சுழன்றது. தண்ணீரின் சூட்டை அறிந்து ஃபேனை ஓடவிடும் சுவிட்ச் கிழடாகிவிட்டதாம். கராஜ் பாஸ் அதை மாற்றியதோடு, டாஷ்போர்ட்டுக்குக் கீழே கையால் போடும் ஒரு சுவிட்சையும் வைத்துத் தந்தார். ஏற்றம் தொடங்கும் முன்பே வாப்பா அதைத் தட்டிவிடுவார். இன்னொரு உபாயமும் சொல்லித் தந்தார்: சூடு ஏறினால் ஹீட்டரைப் போடு, அது எஞ்சினின் சூட்டை எடுத்து உள்ளே ஊதும். ஜப்பான் குளிருக்காக வைத்த ஹீட்டரை நாங்கள் கடுகண்ணாவையில் கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறோம். பக்கத்தில் போகிறவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருக்க மாட்டார்கள், காரணம் அவர்களுக்கு அது தெரியாது. எங்களுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

அடுத்தது சீற். இதில் ஒரு சதம் கூலி போகவில்லை. சிகிச்சை முடிந்து வரும்போது உம்மும்மாவுக்குத் தலை சுற்றும், கால் நரம்பு இழுக்கும். சீற் தாழ்வாக இருந்ததால் எழும்பவும் முடியாது. வாப்பா சீற்றைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனார். பழைய பஞ்சை எடுத்துவிட்டு இறுக்கமான ஃபோம் வைத்து நான்கு விரல் உயர்த்தினார். ரெக்சின் தைக்க வீட்டு மெஷின் ஊசி தாங்கவில்லை, மூன்று ஊசி முறிந்த பின் பேக் தைக்கிற ஒருவரின் மெஷினில் போய்த் தைத்தார். தையல் மட்டும் சட்டைக் கொலர் போல நேராக இருந்தது.

உம்மும்மாவின் இடது கையில்தான் இரத்தக் குழாய்களை இணைத்து ஊசி ஏற்ற இடம் செய்திருந்தார்கள். அந்தக் கையை அழுத்தக் கூடாது, அதில் பாரம் தூக்கக் கூடாது, பிரஷர் கூடப் பார்க்கக் கூடாது. முன் பக்கத்து இடது சீற்றில் பெல்ட்டும் இடது தோளால்தான் வரும். கதவுக்கு மேலே இருக்கிற கைபிடியும் இடது பக்கம். அதற்காகவே அவர் பெல்ட் போட மறுத்தார். வாப்பா மெத்தென்ற துணியில் பெல்ட்டுக்கு ஓர் உறை தைத்தார். ஸ்கூல் பேக் பட்டியில் ஒரு வளையம் தைத்து, வலது கையால் பிடித்து எழும்பும்படி நடுவில் மாட்டினார். "மருமகன், இது காரா, தொட்டிலா?" என்று உம்மும்மா கேட்டார். அதன் பிறகு பெல்ட் போடாமல் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை.

2022 ஐப் பற்றி நான் நீட்ட வேண்டியதில்லை, எல்லோரும் வரிசையில் நின்றவர்கள்தான். ஜூன் மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூ.ஆர். முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றானபோது கார்புரேட்டரைச் சுத்தம் செய்து ட்யூன் பண்ணியது கொப்பியில் இருக்கிறது. அதே காலத்தில் உதிரிப்பாக விலையும் ஏறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து எங்கள் காரையும் விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். வாப்பா வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள். உம்மா ஒரு நாள் யோசித்தார். வாப்பா யோசிக்கவில்லை.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி.

நானாவுக்குக் கார் என்றால் வேறு கனவு. அலோய் றிம் போட வேண்டும், ஸ்பிரிங்கை வெட்டிப் பதிக்க வேண்டும், சைலன்சரில் சத்தம் வர வேண்டும். வாப்பா ஒன்றுக்கும் இடம் கொடுக்கவில்லை. ஆனால் 2023 கடைசி மழையில் ஹெட்லைட் போதாது என்று வாப்பாவே குறைப்பட்டார். மஞ்சளாக, மெழுகுதிரி போல இருந்தது. நானா என்னிடம் வந்தான். "டின்ல இருந்து 7,500 தா. நல்ல பல்ப் ரெண்டு போடுவோம். உம்மும்மாக்குத்தானே. வாப்பாக்கு செல்ல வாணம், போட்டுட்டுக் காட்டுவோம்." அந்தக் காசு பின் பிரேக் ஷூவுக்கு என்று சேர்த்தது. எடுத்துக் கொடுத்தேன். கொப்பியில் 'பல்ப் 2' என்று மட்டும் எழுதினேன், விலை எழுதவில்லை.

பெட்டியில் 100/90 உவாற்று என்று இருந்ததை நான் வாசித்தேன். கழற்றிய பழைய பல்பில் 60/55 என்று இருந்ததையும் பார்த்தேன். அந்தத் தவணைதான் விஞ்ஞானப் பரீட்சையில் வலுவை அழுத்த வேறுபாட்டால் பிரித்து ஓட்டம் காணும் கணக்குக்கு முழுப் புள்ளி வாங்கியிருந்தேன். கணக்கு கொப்பியில் இருந்தது, பல்ப் கையில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் எல்லோருக்கும் சந்தோஷம். "இப்பதான் பாதை விளங்குது" என்று வாப்பா நானாவின் முதுகில் தட்டினார். நான்காவது வாரம் ஒரு சனிக்கிழமை, பாடசாலை இல்லாததால் நானும் பின் சீற்றில் இருந்தேன். ஏற்றத்தில் நல்ல மழை. எதிரில் வாகனம் இல்லாததால் வாப்பா விளக்கை உயர்த்திப் போட்டிருந்தார். பிளாஸ்டிக் எரிகிற மணம் வந்தது. வாப்பா "என்ன மணம்?" என்று கேட்டு முடிக்கவில்லை, முன்னால் இருந்த பாதை இல்லாமல் போயிற்று. ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் பள்ளம், நடுவில் கும்மிருட்டு. கார் நிற்க எடுத்த அந்த இரண்டு மூன்று செக்கன் எவ்வளவு நீளம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் உம்மும்மா அந்தப் பேக் பட்டியை வலது கையால் பிடித்திருந்த பிடி தளரவே இல்லை.

பார்க் விளக்கு மட்டும் எரிந்தது. பின்னால் வந்த லொறி ஒன்று நின்றது. சாரதி சிங்களவர், வயதானவர். உள்ளே எட்டிப் பார்த்து உம்மும்மாவிடம் "பய வென்ட எபா அம்மே" என்றார். அவர் முன்னால் மெதுவாகப் போக, அவருடைய பின் விளக்கைப் பிடித்துக்கொண்டு நாங்கள் கடுகண்ணாவை டவுன் வரை ஏறினோம். அங்கிருந்து நானும் உம்மும்மாவும் ஓட்டோவில் கண்டிக்குப் போனோம். எங்கள் முறை போய்விட்டது. தாதி ஒருவர் இரக்கப்பட்டு அடுத்த முறையில் இடம் தரும் வரை 4 மணித்தியாலம் வாங்கில் இருந்தோம். உம்மும்மாவின் கால் வீக்கம் என் கண்ணுக்கு முன்னாலேயே ஏறியது. அவர் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். அந்த வாங்கில் வைத்து நான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "வாப்பாக்கும் சென்னா செரி" என்றார், அவ்வளவுதான்.

வாப்பா ஏசவில்லை. ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும். கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். 'பல்ப் 2' என்ற வரிக்கு எதிரே 7,500 என்று என்னைக் கொண்டே எழுதுவித்தார். நானாவிடம் "பிரேக்குக்கு நீ குடு" என்றார். நானா இரண்டு மாதச் சம்பளத்தில் கொடுத்தான்.

பாஸ் ஸ்டியரிங்குக்குக் கீழிருந்த விளக்குச் சுவிட்சைக் கழற்றிக் காட்டினார். பிளாஸ்டிக் உருகிப் பாணிபோல வழிந்து இறுகியிருந்தது. பியூஸ் ஏன் எரியவில்லை என்று நான் கேட்டேன். அவர் நானாவைப் பார்த்துப் பதில் சொன்னார்: ஒவ்வொரு பக்கத்துக்கும் 15 அம்பியர் பியூஸ், ஒரு பல்ப் இழுத்தது எட்டுச் சொச்சம்தான். ஆனால் இரண்டு பல்பின் ஓட்டமும் அந்த ஒரு சுவிட்சுக்குள்தான் போகிறது. 60 உவாற்றில் 10 அம்பியர் தாங்கியது, 100 உவாற்றில் ஏறத்தாழ 17. சூடு ஓட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கடைசி வரியை அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

பழைய பல்புகளையே மறுபடி போட்டோம். பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த சுவிட்ச் ஒன்று வந்தது. அதோடு இரண்டு ரிலே. பெற்றரியிலிருந்து தடித்த வயர், பியூஸ் வழியாக, ரிலேயைத் தாண்டி நேரே பல்புக்குப் போகிறது. பழைய சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்ப மட்டும் கொஞ்சம் மின் எடுக்கிறது. ரிலே பூட்டுவதற்கு முன் மீற்றரால் அளந்தோம்: எஞ்சின் ஓடும்போது பெற்றரியில் 13.8 வோல்ற்று, பல்புக்கு வந்து சேர்ந்தது 11.7. மீதி 35 வருடப் பழைய வயரிலும் சுவிட்சிலும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. பூட்டிய பின் 13.4. வோல்ற்றளவு சிறிது குறைந்தாலும் பல்பின் ஒளி அதைவிடப் பல மடங்கு குறையும். அதனால்தான் மெழுகுதிரி. பல்பில் குறை இருக்கவே இல்லை. எல்லாமாக 4,350 ரூபாய். கொப்பியில் பொருள் பொருளாக இருக்கிறது.

அந்த வெளிச்சத்தில் உம்மும்மா இன்னும் ஒரு வருடத்துக்குக் கிட்டக் கண்டிக்குப் போய் வந்தார். 2024 இல் வபாத்தானார். கடைசிப் பயணமும் அந்தச் சீற்றில்தான், வீட்டுக்கு வரும் வழியில் நித்திரையாக இருந்தார். அதன் பிறகு பல மாதம் யாரும் முன் சீற்றில் ஏறவில்லை, உம்மாவும் பின்னால்தான் ஏறுவார்.

இப்போது நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறேன். இந்த வருடம் 18 ஆகிவிட்டது. லேணர்ஸ் எடுக்கலாமா என்று கேட்டேன். வாப்பா ஒன்றும் சொல்லாமல் என்னை வலது பக்கச் சீற்றில் இருத்திப் பார்த்தார். நான் கட்டை, பொனட்டின் நுனி தெரியவில்லை. மறுநாள் கடையிலிருந்து வந்தபோது பலா மரத்தடியில் இரண்டு சீற்றும் கழன்று கிடந்தன. உம்மும்மாவின் சீற்றிலிருந்து அந்த ஃபோமை எடுத்து மற்றதில் வைத்துக்கொண்டிருந்தார். கொப்பியில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "செலவில்லையே" என்றார். திகதியை மட்டும் எழுதி வைத்தேன்.