முப்பத்து நான்காவது கார்

தமிழிலக்கியம் கற்பிக்கும் ஒருவன் கார்ப் பந்தயத்தைப் பற்றி எழுதுவதில் ஏதோ பொருத்தமின்மை இருப்பதாக நண்பர்கள் கருதக்கூடும். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ‘விதி’ என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. மனிதர் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கும் விதிதான்; மனிதர் கையை மீறி வந்து சேர்வதும் விதிதான். இவ்விரண்டும் ஒரே பிற்பகலில், ஒரே தடத்தில் சந்தித்துக்கொள்ளும் இடம் ஒன்றைக் காட்டச் சொன்னால், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் மே மாதந்தோறும் நடக்கும் தகுதிச் சுற்றைக் காட்டுவேன்.

பந்தயத்தின் பெயர் இண்டியானாபொலிஸ் 500. முதலில் நடந்தது 1911இல். இரண்டரை மைல் நீளமுள்ள நீள்வட்டத் தடத்தை 200 முறை சுற்றினால் 500 மைல். சக்கரங்கள் நான்கும் உடலுக்கு வெளியே திறந்து நிற்கும் ஒற்றை இருக்கைக் கார்கள் இதில் ஓடுகின்றன. வரிசைக்கு மூன்றாகப் பதினோரு வரிசை, மொத்தம் 33 கார்கள் என்பது நெடுங்கால மரபு. அதற்குமேல் வருவோரில் எவர் உள்ளே, எவர் வெளியே என்பதைத் தகுதிச் சுற்று தீர்மானிக்கிறது. அதில் ஒவ்வொரு காரும் தன்னந்தனியாக நான்கு சுற்று, அதாவது பத்து மைல் ஓடவேண்டும். சராசரி வேகமே கணக்கு. முந்திச் செல்ல எதிரே ஆளில்லை, பழிபோட அருகே ஆளில்லை. இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான அந்த நேரத்தில் ஓட்டுநரும் காற்றும் கடிகாரமும் மட்டுமே.

இந்தத் தடத்தின் கருணையின்மையை நான் முதலில் உணர்ந்தது 2019இல். இருமுறை ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோ, மெக்லாரன் என்ற பெரும்பெயருடன் வந்தும் அவ்வாண்டு தகுதி பெறவில்லை. அவரை வெளியேற்றிய கைல் கைசரின் அணி, விளம்பரதாரர்களை இழந்து, பயிற்சியில் நொறுங்கிய காருக்கு மாற்றாக இன்னொன்றை அவசர அவசரமாகத் தயார்செய்து வந்த சிறிய அணி. இருவருக்கும் இடையிலான வேறுபாடு மணிக்கு 0.019 மைல். 2023இல் கிரஹாம் ரஹாலுக்கு நேர்ந்தது இதனினும் நுண்ணியது. தந்தை பாபி ரஹால் பங்குதாரராக இருந்த அணியிலேயே, சக ஓட்டுநர் ஜாக் ஹார்வியிடம் அவர் 0.007 மைல் வேகத்தில் தோற்று வெளியேறினார். காலக் கணக்கில் அது விநாடியில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. 1986இல் இப்பந்தயத்தை வென்ற அந்தத் தந்தையும் 1993இல் இதே தடத்தில் தகுதி பெறாமல் திரும்பியவர்தான். மகனுக்கு அது வந்துசேர முப்பது ஆண்டுகள் ஆயின. இரண்டாம் பொருளிலான விதி என்று நான் சொன்னது இதைத்தான்.

முதற்பொருளிலான விதி 2025ஆம் ஆண்டு மேடைக்கு வந்தது. அவ்வாண்டு 33 இடங்களுக்கு 34 கார்கள் வந்திருந்தன. ஒரே ஒருவர்தான் வீடு திரும்பவேண்டும். தடத்தின் மறுமுனையில், இத்தாலியிலிருந்து வந்த ப்ரேமா என்ற அணி (பெயரைக் கண்டு நம்மூர்ப் பிரேமாவை நினைக்கவேண்டாம்) முதன்முறையாக இங்கே போட்டியிட்டது. அதன் ஓட்டுநர் ராபர்ட் ஷ்வார்ட்ஸ்மனும் புதியவர். அவர் மணிக்கு 232.790 மைல் சராசரியில் ஓடி முதலிடத்தைப் பிடித்தார். 1983இல் டியோ ஃபாபிக்குப் பிறகு ஒரு புதியவர் முதலிடத்திலிருந்து தொடங்கியது அப்போதுதான். பல்லாண்டுகள் பேசப்படவேண்டிய செய்தி. ஆனால் அன்றிரவு எல்லோரும் பேசியது வேறொன்றை.

முதல் 12 இடங்களுக்கான ஞாயிற்றுக்கிழமைச் சுற்றில், பென்ஸ்கி அணியின் இரு கார்கள் தங்கள் முறை வருமுன் வரிசையிலிருந்து விலக்கப்பட்டன. ஓட்டுநர்கள் ஜோசஃப் நியூகார்டனும் வில் பவரும். நியூகார்டன் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்று, எவரும் எட்டாத தொடர் மூன்றாவது வெற்றியை நோக்கி வந்தவர். காரின் பின்புறத்தில், மோதலின் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்று அட்டென்யுவேட்டர் என்னும் பாகம் உண்டு. எல்லா அணிகளுக்கும் ஒரே அச்சில் வழங்கப்படும் அதை எவரும் திருத்தக் கூடாது. இவ்விரு கார்களிலும் அதன் இணைப்புக் கோட்டை நிரப்பி வழவழப்பாக்கியிருந்தார்கள். மற்ற அணிகளின் கண்ணில் பட்டது; முணுமுணுப்பு புகாராயிற்று. முதலில் 11, 12ஆம் இடங்கள் என்ற அளவில் விட்டார்கள். மறுநாள் தண்டனை கூடியது. இரு கார்களும் 32, 33ஆம் இடங்களுக்குத் தள்ளப்பட்டன. காருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். வியூகம் வகுப்போர் இருவருக்கும் அந்தப் பந்தயத்திலிருந்து இடைநீக்கம். நியூகார்டன் 2024இல் வென்ற காரின் படங்களிலும் அதே வழவழப்பு தெரிவதாகப் பேச்சு எழுந்தது.

வேறோர் அணியாயிருந்தால் இது ஒரு வாரச் செய்தி. ஆனால் ராஜர் பென்ஸ்கி வெறும் அணி உரிமையாளர் அல்லர். இண்டியானாபொலிஸ் தடமும் இண்டிகார் தொடர் முழுவதுமே 2020 ஜனவரியிலிருந்து அன்றுவரை அவருடையவையாக இருந்தன. விதியை வகுக்கும் வீடும் அவருடையது, விதியை மீறிய காரும் அவருடையது. அதற்கு முந்தைய ஆண்டே, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பந்தயத்தில் தடைசெய்யப்பட்ட தருணத்தில் கூடுதல் உந்துவிசைப் பொத்தானைப் பயன்படுத்தியதற்காக நியூகார்டனின் வெற்றி பறிக்கப்பட்டு பாட்டோ ஓவர்டுக்கு வழங்கப்பட்டிருந்தது.

இதே அணிதான் 1994இல் விதிப்புத்தகத்தை வேறுவிதமாக வாசித்துக் காட்டியது. பழைய பாணி ‘புஷ்ராட்’ எஞ்சின்களுக்கு அன்று கூடுதல் கொள்ளளவும் கூடுதல் காற்றழுத்தமும் அனுமதிக்கப்பட்டிருந்தன. சாதாரணக் கார் எஞ்சின்களைத் திருத்திக் கொண்டுவரும் சிறிய அணிகளுக்கு உதவுவதே அச்சலுகையின் நோக்கம். எஞ்சின் சாதாரணக் காரிலிருந்துதான் வரவேண்டும் என்ற கட்டாயம் விதியில் இல்லை என்பதைக் கண்டுகொண்ட பென்ஸ்கி, பந்தயத்துக்கென்றே அத்தகைய எஞ்சினை இல்மோர் நிறுவனத்தின் துணையோடு இரகசியமாக உருவாக்கினார். ஆல் அன்சர் ஜூனியர் முதலிடத்திலிருந்து தொடங்கி வென்றார். மறு ஆண்டு சலுகை சுருக்கப்பட்டது; 1995இல் பென்ஸ்கியின் கார் ஒன்றுகூடத் தகுதி பெறவில்லை. 1994இல் விதியின் சொல் காக்கப்பட்டது, பொருள் மீறப்பட்டது. கிடைத்த ஆதாயம் மிகப் பெரிது. 2025இல் சொல்லே மீறப்பட்டது. ஆதாயம் இருந்ததா என்பதில்கூட ஒருமித்த கருத்து இல்லை. முன்னதைச் சாதுரியம் என்று இன்றும் வியக்கிறார்கள். பின்னதற்குத்தான் தண்டனை.

ஆதாயமில்லாத மீறலுக்கு இவ்வளவு தண்டனை வேண்டுமா என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. தேர்வுப் பறக்கும் படையில் ஒருமுறை வேறொரு கல்லூரிக்குச் சென்றிருந்தேன். ஒரு மாணவனின் சட்டைப்பையில் துண்டுத்தாள் இருந்தது. “சார், இதிலேருந்து ஒரு கேள்விகூட வரலை சார்” என்றான். வினாத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. தாள் இருந்தது என்பதையும், அதனால் பயனில்லை என்பதையும் இரண்டையுமே அறிக்கையில் எழுதினேன். அந்தத் தேர்வு இரத்தாயிற்று. உடன் வந்த பேராசிரியர் திரும்பும் வழியெல்லாம் “பாவம்” என்றார். எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் வேறு மாணவர்கள். 40 எடுத்தால் தேர்ச்சி என்னும் தாளில் 38 எடுத்து, எதையும் மறைத்துக் கொண்டுவராமல் தோற்றுப்போகிறவர்கள். அவர்களுக்காகப் பாவம் சொல்ல யாரும் வருவதில்லை. அவர்களைப் பற்றி அறிக்கையே எழுதப்படுவதில்லை. பயன்படாத துண்டுத்தாளை மன்னித்தால், அந்த 38 மதிப்பெண்ணின் நேர்மை பொருளற்றதாகிவிடும்.

பென்ஸ்கி அடுத்த இரண்டு நாளில் ஒன்றைச் செய்தார். அணித்தலைவர் டிம் சிண்ட்ரிக், ரான் ருசெவ்ஸ்கி, கைல் மோயர் ஆகிய மூவரையும் பதவியிலிருந்து நீக்கினார். சிண்ட்ரிக் கால் நூற்றாண்டுக் காலம் அவருடைய வலக்கரமாக விளங்கியவர். சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் பொற்கைப் பாண்டியன் கதை இவ்விடத்தில் நினைவுக்கு வராமல் போகாது. கீரந்தையின் வீட்டுக் கதவைத் தட்டிய குற்றத்துக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்ட அரசன் அவன். பென்ஸ்கியும் தம் வலக்கரத்தை வெட்டிக்கொண்டார் எனலாம். ஆனால் பாண்டியனுக்கு வலித்தது அவனுக்கே. இங்கே வெட்டுண்ட கை எழுந்து தன் வீட்டுக்கு நடந்து போயிற்று. அரசன் அரியணையிலேயே இருந்தார். அரசனே அறங்கூறும் அவையமாகவும் இருக்கும் நாட்டில், அவன் எவ்வளவு நேர்மையாகத் தீர்ப்பளித்தாலும் ஐயம் எஞ்சும். நடுவர் பணியை உரிமையாளரிடமிருந்து பிரித்துத் தனியமைப்பிடம் ஒப்படைக்கும் முயற்சி பிறகு தொடங்கியதற்குக் காரணம் அந்த ஐயம்தான்.

பந்தயத்தை ஸ்பெயினின் அலெக்ஸ் பலோ வென்றார். இரண்டாவதாக வந்த மார்கஸ் எரிக்சன் உட்பட மூவரின் கார்களில் பந்தயத்துக்குப் பிந்தைய சோதனையில் விதிமீறல் காணப்பட்டு, அவர்கள் கடைசி மூன்று இடங்களுக்குத் தள்ளப்பட்டார்கள்.

இவ்வளவு பெயர்களுக்கு நடுவே நான் மறக்க விரும்பாத பெயர் ஜேக்கப் ஏபல். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தைச் சேர்ந்த இளம் ஓட்டுநர்; டேல் காயின் அணியில் அது அவருக்கு முதலாண்டு. 34 பேரில் வீடு திரும்பிய அந்த ஒருவர் அவர்தான். அவர் காரில் எவரும் எதையும் நிரப்பி வழவழப்பாக்கியதாகப் புகாரில்லை. அவர் மெதுவாக ஓடினார், அவ்வளவுதான். விதியை மீறிய இரு கார்கள் 32ஆவதாகவும் 33ஆவதாகவும் நின்று, நாடே பார்க்கப் பந்தயத்தைத் தொடங்கின. தகுதி என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடும்போதெல்லாம், விதியை மீறாத அந்த 34ஆவது காருக்கு எந்த வரிசையில் இடம் இருந்திருக்கவேண்டும் என்று யோசிக்கிறேன்.