குறட்டை நல்லுறக்கமா?

சாமை அறுவடைக் காலத்தில், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூருக்கு நாம் சென்றிருந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையை அடைந்தபோது உள்ளிருந்து பெருங்குறட்டை கேட்டது. ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் நண்பகலிலேயே பாயில் அயர்ந்து கிடந்தாள். கணவன் வேலை தேடி வெளிமாநிலம் சென்றிருந்தான். "ராவெல்லாம் இப்படித்தான் சாமி, அசந்து தூங்குறா. வயித்துப் பிள்ளைக்கு நல்லதுதானே?" என்றார் மாமியார். நாமும் சிரித்து ஆமோதித்துவிட்டு வந்தோம்.

அன்றிரவு அந்தச் சிரிப்பே நம் நெஞ்சை உறுத்தியது. சில ஆண்டுகளுக்கு முன் நமது குறட்டையையும் எல்லாரும் இவ்வாறே நகைத்தனர். (நமது பிரசங்கத்தில் பிறர் உறங்குவது போதாதென்று, நாமே நாற்காலியில் உறங்கத் தொடங்கியது தனிக் கதை.) "நடுவுல மூச்சே நின்னுபோகுது சாமி" என்று அஞ்சிச் சொன்னவர் பங்கு இல்லத்துச் சமையற்காரர். உறங்குபவர் தம் நோயை அறியார். அருகிருப்பவரே அதற்குச் சாட்சி.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. பத்து விநாடியோ அதற்கு மேலுமோ மூச்சு நிற்க, இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு உடலை எழுப்ப, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரவு முழுதும் இதே போராட்டம். கருவுற்ற காலத்தில் மூக்கின் உட்சவ்வு வீங்குவதும் எடை கூடுவதும் இதற்கு இடந்தருகின்றன.

அமெரிக்காவில் முதற்பேற்றுத் தாய்மார் 3,000 பேருக்கு மேல் வீட்டிலேயே கருவி பொருத்தி ஆராய்ந்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். தொடக்க மாதங்களில் நூற்றுக்கு 3.6 பேருக்கும், நடு மாதங்களில் 8.3 பேருக்கும் இம்மூச்சுத்தடை இருந்தது. இரத்தக் கொதிப்பு மிகுந்து வலிப்பு வரை இட்டுச் செல்லக்கூடிய பேறுகால நோய் அவர்களிடையே ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டது, நீரிழிவும் மிகுதியாயிருந்தது. மூச்சுத்தடையை நீக்கினால் அந்நோய்கள் வாரா என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் அத்தாயைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பதற்கு இது போதாதா? பகலில் சோர்வுண்டா என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. எந்தக் கர்ப்பிணிதான் சோர்வில்லை என்பாள்?

மறுநாட் காலை மீண்டும் மலைச்சரிவில் ஏறினோம். இடையிடையே மூச்சு நிற்கிறதா என்று மாமியாரை வினவினோம். "ஆமாம் சாமி, நின்னு நின்னுதான் வரும். பேய் அமுக்குதுன்னு தட்டி எழுப்பிடுவேன்." சொல்லும்போதே அவர் முகம் வாடியது. காலையில் தலைவலி என்று மருமகளும் மெல்லச் சொன்னாள்.

கிராம சுகாதாரச் செவிலியர் அளந்தபோது இரத்த அழுத்தம் சற்று மிகுந்திருந்தது. அவர் கையிலிருந்த அட்டையில் எடைக்கு இடமுண்டு, இரத்தத்திற்கு இடமுண்டு, சர்க்கரைக்கு இடமுண்டு, உறக்கத்திற்கு இல்லை. அந்த நல்ல பெண்மணி அட்டையின் ஓரத்தில் "குறட்டை, மூச்சு நிற்கிறது" என்று பேனாவால் எழுதி, மலையிறங்கி மருத்துவமனை செல்லப் பணித்தார்.

அங்கு ஓரிரவு விரலிலும் மூக்கிலும் மார்பிலும் கருவி பொருத்திப் பார்த்தனர். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, காற்றை அழுத்தமாகச் செலுத்தும் மூக்குக் கவசத்தையும் தந்தனர். 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் உலகிற்கு அறிவித்த முறை அது. நாமும் இரவுதோறும் அணிவதே. யானைத் துதிக்கை என்று அவள் முதலில் நாணினாள். சாமியும் அதைத்தான் மாட்டிக்கொள்கிறார் என்றதும் சிரித்துவிட்டாளாம்.

மாசியில் குழந்தை பிறந்தது. இரத்த அழுத்தத்துக்காகத் தாயை மேலும் சில நாள் வைத்துப் பார்த்தே அனுப்பினர். இப்போதெல்லாம் அச்சிற்றூரில் எவளேனும் கருவுற்றால், உடன் படுப்பவரிடம் அந்த மாமியார் முதலில் கேட்பது குறட்டையைப் பற்றித்தானாம்.