சிவப்பு ஸ்டாம்ப்

பழைய விவாதத்தைக் கிளறணும்னா கையில புதுசா ஏதாச்சும் இருக்கணும். இது என் கொள்கை (ரொம்ப நாளா).

எங்க ஸ்டாம்ப் கோஷ்டியில ஒரு பெரியவர். அவரோட சிவப்பு 'சிந்த் டாக்' (1852, அரையணா, ஆசியாவின் முதல் ஒட்டும் தபால்தலை) அசலா, போலியான்னு பல வருஷம் முன்னாடி பெரிய சண்டை. அப்புறம் அமுங்கிப் போச்சு. போன ஞாயிறு நான்தான் ஆரம்பிச்சேன்.

"சார், அதை அரக்குல செஞ்சாங்களாம். பொலபொலன்னு உதிருமாம். உங்களுதுல மட்டும் ஒரு கீறல்கூட இல்லையே?"

அவர் பேசல. பக்கத்துல இருந்த பேரன்தான் கேட்டான்:

"தாத்தா, என் பர்த்டேக்கு குடுத்தீங்களே, அதையா சொல்றாரு?"

பாயிண்ட் சரிதான். ஆனா தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ரெண்டு தடவை போனை எடுத்துட்டேன். என்னத்தைப் பேச?